குளிர்காலக் கோட்டும் துளைமுனைக் குண்டும்: நியூ ஜெர்சிக் கடைக்காரர் ஒருவருக்கு வழக்கறிஞரின் பதில்

நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிய கடை ஒன்றை நடத்தும் வாசகர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலைப் பையில் எடுத்துக்கொண்டு பின்புற வாகன நிறுத்தத்துக்கு நடந்து போவது அவருடைய வழக்கம். சென்ற குளிர்காலத்தில் தடித்த கோட்டும் முக்காடும் அணிந்த ஒருவன் கத்தியைக் காட்டிப் பையைப் பறித்துச் சென்றிருக்கிறான். அதன்பின் முறையாக விண்ணப்பித்து, பயிற்சி முடித்து, மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமமும் மூன்று அங்குலக் குழல் கொண்ட 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் வாங்கியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. பென்சில்வேனியாவில் இருக்கும் அண்ணன், தீபாவளிக்கு வந்தபோது "பிளஸ் பி" வகை (சாதாரணத்தைவிட அழுத்தம் கூடியது) துளைமுனைத் தோட்டாக்கள் (முனையில் குழி உள்ளவை, உடலில் நுழைந்ததும் விரிபவை) ஒரு பெட்டி கொடுத்து, "குளிர்காலத்தில் தடித்த கோட்டை மீறிப் போக இதுதான் வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார், அது சரியா? கடுங்குளிரில் வெடிமருந்தின் வலு குறையுமா? மேகசினில் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டா அடுக்கில்) ஒன்று துளைமுனை, ஒன்று குழி இல்லாத உருண்டைமுனை என்று மாற்றி மாற்றி நிரப்பினால் இரண்டின் நன்மையும் கிடைக்குமா? இப்போதைக்கு அந்தப் பெட்டி காரின் முன்அறையில் (கிளவ் பாக்ஸில்) இருக்கிறது என்றும், அதே வீட்டில் வசிக்கும் மனைவியின் தம்பி ஹெச்-1பி விசாவில் இருப்பவர், வார இறுதியில் தன்னோடு சுடும் பயிற்சிக்கு வருபவர் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்வியாக எழுதப்பட்டவற்றைவிட, கேள்வியாக எழுதப்படாத அந்தக் கடைசி இரண்டு செய்திகளே என்னைக் கவலைகொள்ள வைத்தன. நான் இந்த மாநிலத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்துபவள். குண்டுகளின் போக்கைப் பற்றி நான் அறிந்தவை, நிபுணர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தும், பயிற்சிக் களத்தில் நானே சுட்டும் கற்றவை. குளிர் உங்கள் தோட்டாவை நீங்கள் நினைக்கும் அளவுக்கு மாற்றிவிடாது. ஆனால் இரு மாநிலங்களுக்கும் எல்லையான டெலவேர் ஆற்றைக் கடந்து அந்தப் பெட்டி இந்தப் பக்கம் வந்த கணத்தில் அதன் சட்ட நிலை முற்றிலும் மாறிவிட்டது. எனவே கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாலையைப் பற்றிப் பேசுகிறேன்.

உரிமம் துப்பாக்கிக்கு மட்டுமே

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய புரூயன் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகுதான், "நியாயமான தேவை" என்று தனியாக நிரூபிக்காமலே உங்களைப் போன்றவர்கள் இங்கே உரிமம் பெற முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாநிலம் புதிய சட்டம் இயற்றி, உரிமம் பெறும் முறையையும் எடுத்துச் செல்லும் முறையையும் வகுத்தது. ஆனால் துளைமுனைக் குண்டு பற்றிய பழைய விதியை அது தொடவில்லை. நியூ ஜெர்சிக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 39-3ஆம் பிரிவு, காவல்துறையினர் அல்லாதவர்கள் "துளைமுனைக் குண்டு அல்லது டம்டம் குண்டு" வைத்திருப்பதை நான்காம் நிலைக் குற்றமாக்குகிறது. தண்டனை 18 மாதம் வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் ஆகும். ஓராண்டுக்கு மேல் தண்டிக்கத்தக்க குற்றம் என்பதால், தண்டனை உறுதியானால் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியையே நீங்கள் இழப்பீர்கள். கையில் உரிமம் இருக்கிறது என்ற வாதம் இதற்கு எதிராக நிற்காது.

விதிவிலக்குகள் உண்டு, அவை இடத்தைச் சார்ந்தவை. உங்கள் வீட்டிலும், உங்கள் உடைமையிலுள்ள வளாகத்திலும் நிலத்திலும் அவற்றை வைத்திருக்கலாம். வாங்கிய இடத்திலிருந்து அங்கே கொண்டு செல்லலாம். துப்பாக்கியில் தோட்டா நிரப்பாமல், மூடிக் கட்டிய பெட்டியிலோ வாகனத்தின் பின்பெட்டியில் பூட்டியோ, பயிற்சிக் களத்துக்கு நேராகப் போய் நேராகத் திரும்பலாம். ஆக, வீட்டில் அந்தப் பெட்டி இருப்பது குற்றமில்லை. கடைக்குள் இருப்பதற்கும் நல்ல வாதம் உண்டு. ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நீங்கள் தினமும் ஓட்டும் அந்தப் பத்து மைல் சாலையில், இடுப்பிலோ காரின் முன்அறையிலோ இருந்தால் அது குற்றம். உங்களுக்கு அந்தத் தோட்டா தேவைப்படும் என்று நீங்கள் அஞ்சுகிற இடமோ, கடையின் பின்வாசலுக்கும் காருக்கும் இடைப்பட்ட வாகன நிறுத்தம். அது கட்டட உரிமையாளரின் பொது இடமா, உங்கள் குத்தகையில் அடங்கியதா என்று பனி இரவில் வழக்காட யாருக்கும் விருப்பம் இராது.

மாற்றி மாற்றி நிரப்பும் யோசனையும் இதே காரணத்தால் விழுந்துவிடுகிறது. "ஒரே ஒரு துளைமுனைதானே" என்று சட்டம் எண்ணிக்கை பார்ப்பதில்லை. அதைத் தவிர, இரண்டு வகைக் குண்டுகள் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு உதைப்போடு செல்பவை. எது எப்போது வெளியேறும் என்று அறியாமல் சுடுவது எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ளாத பழக்கம்.

அண்ணன் மீதும் ஒரு வார்த்தை. பென்சில்வேனிய உரிமம் இங்கே செல்லாது. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், தன் மாநில உரிமத்தை நம்பி, துளைமுனைத் தோட்டாக்கள் நிரப்பிய துப்பாக்கியோடு அட்லாண்டிக் மாவட்டத்துக்குள் காரோட்டி வந்தார். சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில், துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே அதிகாரியிடம் சொன்னார். மூன்றாண்டுக்கு மேற்பட்ட கட்டாயச் சிறையை எதிர்நோக்கி நின்று, பெரும் விவாதத்துக்குப் பின், வழக்கு விசாரணைக்குப் பதிலான மாற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அளித்த மன்னிப்பால்தான் முழுமையாக மீண்டார். உங்கள் அண்ணன் அடுத்த முறை பொங்கலுக்கு வரும்போது கரும்பு மட்டும் கொண்டு வரட்டும்.

கோட்டைப் பற்றிய தவறான நம்பிக்கை

தடித்த கோட்டு குண்டைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. கொரியப் போரில் பஞ்சு தைத்த உறைந்த மேலங்கிகளை அமெரிக்கர்களின் கார்பைன் (குட்டை ரைபிள்) குண்டுகள் துளைக்கவில்லை என்று திரும்பி வந்த வீரர்கள் சொன்ன கதையிலிருந்து அது வளர்ந்தது. பிற்காலத்தில் அப்படிப்பட்ட துணிகளை நனைத்து உறையவைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள், குண்டு தயக்கமின்றி ஊடுருவியதையே கண்டார்கள். குறி தவறியதைக் கோட்டின் மீது ஏற்றியிருக்க வேண்டும். உங்கள் 9 மி.மீ. தோட்டாவில் ஏழரை முதல் எட்டு கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. பஞ்சும் நைலானும் தோலும் அதை நிறுத்துவதில்லை.

உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. துளைமுனைக் குண்டு விரிவதற்குக் காரணம், நீர் நிறைந்த திசுவில் நுழையும்போது அந்தக் குழிக்குள் திரவம் புகுந்து உள்ளிருந்து சுவர்களை வெளியே தள்ளுவதுதான். கோட்டு, கம்பளிச் சட்டை, டெனிம் ஆகியவற்றைக் கடக்கும்போது குழியின் விளிம்பு துணியை வட்டமாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. புட்டுக் குழாயில் மாவை அழுத்தி அடைத்ததுபோல் பஞ்சும் நூலும் குழியை நிரப்பிவிட்டால், திரவம் புக இடமில்லை. குண்டு விரியாமல் சாதாரண உருண்டைமுனைக் குண்டைப்போல் நேராகப் போய், மறுபுறம் வெளியேறும் வாய்ப்பு உண்டாகிறது. ஆக, குளிர்காலத்தின் ஆபத்து குண்டு போதாமல் நிற்பது அன்று. அளவுக்கு மீறிப் போவது. உங்கள் வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் பேருந்து நிறுத்தம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சுடும் ஒவ்வொரு குண்டும் எங்கே சென்று ஓய்கிறது என்பதற்கு நீங்களே பொறுப்பாளி.

இதை அமெரிக்கக் காவல்துறையினர் நெடுங்காலமாக அறிவார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உயிரிழந்த பிறகு, அந்த அமைப்பு தோட்டாக்களைச் சோதிக்கும் முறையைப் புதிதாக வகுத்தது. உடல் திசுவுக்கு மாற்றாகப் பயன்படுத்தும், பத்து விழுக்காடு அடர்த்தியுள்ள ஜெலட்டின் கட்டியில் 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மிகாமலும் குண்டு செல்ல வேண்டும் என்பது அதன் அளவுகோல். வெறும் கட்டியில் மட்டுமன்றி, கனமான உடை அடுக்குகளைப் போர்த்தியும் சுட்டுப் பார்க்கிறார்கள். வேறு சிலர் நான்கு அடுக்கு டெனிம் துணியை வைத்து இன்னும் கடுமையாகச் சோதிக்கிறார்கள். தயாரிப்பாளர் வெளியிடும் எண்களில் நீங்கள் பார்க்க வேண்டியது வெறும் ஜெலட்டின் முடிவை அன்று. "கனத்த உடை" என்ற வரிசையை. அதிலும் உங்களுடையதைப்போல் குட்டைக் குழலில் சுட்ட முடிவா, நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட குழலில் சுட்டதா என்பதைக் கவனியுங்கள். குழல் குறையக் குறைய வேகமும் குறைகிறது. வேகம் குறைந்தால் விரிவும் ஐயத்துக்குரியதாகிறது.

துளைமுனை என்றாலே போர்க்குற்றம் என்று நீங்கள் எங்கோ கேள்விப்பட்டதாக எழுதியிருப்பதையும் திருத்திவிடுகிறேன். விரியும் குண்டுகளை விலக்கிய 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் நாடுகளுக்கு இடையிலான போருக்கானது. சட்டத்தில் உள்ள "டம்டம்" என்ற சொல்லும் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்ற ஊரின் ஆயுதச்சாலையிலிருந்து வந்ததுதான். அங்கே 1890களில் ஆங்கிலேயர்கள் செய்த குண்டின் பெயர் இன்று நியூ ஜெர்சிச் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்நாட்டுக் காவல்துறைகள், வழிப்போக்கர்கள் மீது பாயும் ஆபத்தைக் குறைக்கவே துளைமுனையைத் தேர்ந்தெடுக்கின்றன. ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூயார்க் நகரக் காவல்துறை 1998இல் அதற்கு மாற முடிவெடுத்ததும் இதே காரணத்தால்தான். பொதுமக்களுக்கு மட்டும் இங்கே அதை மறுப்பது முரண் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் முரணான சட்டமும், மாற்றப்படும் வரை சட்டமே.

அப்படியானால் எதை நிரப்புவது

நல்வாய்ப்பாக, சட்டமும் கோட்டும் ஒரே விடையை நோக்கி உங்களைக் கொண்டு செல்கின்றன. குழி இல்லாமல் பாலிமர் நிரப்பிய முனை கொண்ட தோட்டாக்களைத் துளைமுனையாகத் தாம் கருதுவதில்லை என்று நியூ ஜெர்சி மாநிலக் காவல்துறை எழுத்துவடிவில் அறிவித்து, ஹார்னடி நிறுவனத்தின் கிரிட்டிக்கல் டிஃபென்ஸ், கிரிட்டிக்கல் டியூட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எடுத்துக்காட்டியிருக்கிறது. அந்த மென்மையான பாலிமர் முனை முதலிலேயே குழியை அடைத்திருப்பதால், துணி உள்ளே புக இடமில்லை. திசுவில் மோதும்போது அது பின்னோக்கி அழுந்திக் குண்டின் சுவர்களைத் திறக்கிறது. அதாவது, குளிர்கால உடையில் வழக்கமான துளைமுனைக்கு நேரும் குறையைத் தீர்க்கும் வடிவமைப்பே இங்கே சட்டப்படியும் ஏற்கத்தக்கதாக அமைந்துவிட்டது. இவ்விரண்டில் கிரிட்டிக்கல் டிஃபென்ஸ், உங்களுடையதைப் போன்ற சிறிய துப்பாக்கிகளை மனத்தில் கொண்டு, 115 கிரெய்ன் (சுமார் ஏழரை கிராம்) குண்டோடு செய்யப்படுவது. டியூட்டி 135 கிரெய்ன், பெரிய துப்பாக்கிகளுக்கும் கடினமான தடைகளுக்கும் ஆனது. மூன்று அங்குலக் குழலுக்கு முதலாவதையே நான் சொல்வேன். இருந்தாலும் காவல்துறையின் அறிவிப்பு அவர்களுடைய விளக்கம்தான், சட்டமன்றம் இயற்றிய வாசகம் அன்று. எனவே அந்தப் பக்கத்தை அச்சிட்டுத் தேதியோடு உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் மீண்டும் பாருங்கள்.

முழு உலோக உறையிட்ட உருண்டைமுனைத் தோட்டா சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லாதது, விலையும் குறைவு. பயிற்சிக்கு அதுவே போதும். ஆனால் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் தற்காப்புக்கு அதை எடுத்துச் செல்வதை, மறுபுறம் வெளியேறும் காரணத்தால், நான் விரும்புவதில்லை.

"பிளஸ் பி" தேவையில்லை. சாதாரண 9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பிக்கு 38,500. அந்தக் கூடுதல் அழுத்தம் துணி அடைப்பதைத் தடுப்பதில்லை. கையில் உதைப்பையும் இருட்டில் கண்ணைக் கூசவைக்கும் சுடரையும் கூட்டி, இரண்டாவது குண்டைத் தாமதப்படுத்துவதுதான் நடக்கும். உங்கள் துப்பாக்கியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

எதைத் தேர்ந்தாலும், அந்தத் தோட்டாவிலேயே இரண்டு மூன்று பெட்டிகளை, குளிர்காலக் கையுறையோடு, உங்கள் துப்பாக்கியில் தடையின்றிச் சுட்டுப் பார்த்த பிறகே இடுப்பில் அணியும் துப்பாக்கியில் நிரப்புங்கள். வாங்கிய ரசீதையும், தொகுதி எண் அச்சிட்ட பெட்டியையும் வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால், எந்தத் தூரத்தில் சுட்டீர்கள் என்பதை அதே தொகுதித் தோட்டாவைச் சோதித்துத்தான் நிபுணர் சொல்ல முடியும்.

குளிர் செய்யும் உண்மையான தொல்லைகள்

வெடிமருந்து குளிரில் சற்று மெதுவாக எரிவதும் வேகம் சிறிது குறைவதும் உண்மைதான். ஆனால் உடலோடு ஒட்டி, கோட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி உங்கள் உடல் வெப்பத்தில்தான் இருக்கிறது. கைத்துப்பாக்கித் தூரத்தில் அந்த வேறுபாட்டை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. கெட்டியான மசகு எண்ணெயும் ஈரமுமே தொல்லை தருபவை. உறைகுளிரிலிருந்து சூடான கடைக்குள் நுழைந்தால், மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல் உலோகத்திலும் ஈரம் படியும். அதைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் மட்டும் இடுங்கள். தினமும் இரவில் இறக்கி, காலையில் அதே முதல் தோட்டாவைத் துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஏற்றும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப மோதியதில் குண்டு தோட்டாவின் உறைக்குள் பின்தள்ளப்பட்டால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். புதிய தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும்.

கோட்டின் இடுப்புக் கயிற்று முனையில் தொங்கும் பிளாஸ்டிக் குண்டுமணி ஒன்று, துப்பாக்கியை உறையில் திரும்ப வைக்கும்போது விசைக் காப்புக்குள் சிக்கிச் சுட்டுவிட்ட விபத்துகள் பல. அதை இன்றே வெட்டி எறியுங்கள். உறையில் வைக்கும்போது கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். கடைக்குள் வந்து கோட்டைக் கழற்றும்போது துப்பாக்கி வெளியே தெரிவதும் இங்கே சட்டச் சிக்கல். உடை நகர்வதால் நேரும் கண நேர வெளிப்பாட்டைச் சட்டம் மன்னிக்கிறது, நாள் முழுவதும் தெரியும்படி அணிவதை மன்னிக்காது. காவலர் சாலையில் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லி உரிமத்தைக் காட்டும் கடமையும் உங்களுக்கு உண்டு.

சென்ற ஆண்டு நடந்ததைப்போல மறுபடி நடந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். நியூ ஜெர்சியில், முழுப் பாதுகாப்போடு விலகிச் செல்ல வழி இருக்கும்போது உயிர்பறிக்கும் வலிமையைப் பயன்படுத்த அனுமதியில்லை. அந்தக் கடமையிலிருந்து விலக்குப் பெறுவது உங்கள் வீடு. கடையும் வாகன நிறுத்தமும் அல்ல. பணப்பையைக் காக்க மட்டும் யாரையும் சுட முடியாது. கடை மூடும் நேரத்தை மாற்றுவதும், வசூலைப் பகலில் வங்கியில் சேர்ப்பதும், பின்வாசலில் நல்ல விளக்குப் போடுவதும் எந்தத் தோட்டாவையும்விட உங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

மைத்துனரும் அந்தப் பெட்டியும்

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு தடைசெய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை பொருந்துகிறதா என்று பார்க்காமல் பயிற்சிக் களத்தில் உங்கள் துப்பாக்கியை அவர் கையில் கொடுப்பது அவருக்கும், கொடுத்த உங்களுக்கும் குற்றமாகலாம். உச்ச தண்டனை 15 ஆண்டுகள் வரை. நாடு கடத்தப்படுவது அதற்கு மேல். "சும்மா நாலு ரவுண்டு சுட்டார்" என்பது அங்கே பதிலாகாது. வீட்டில் உங்கள் பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரியும் என்றால், அவர் தொட்டதே இல்லை என்றாலும், அவர் கைக்கெட்டும் உடைமையில் அது இருந்தது என்று அரசுத் தரப்பு வாதிட இடமுண்டு. இன்றே எண்ணை மாற்றுங்கள். அவருக்கு ஏன் என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால், இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள். வேட்டை உரிமம் எடுத்துச் சரியான வழியில் வர அவர் விரும்பினால், முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கட்டும்.

காரின் முன்அறையில் இருக்கும் பெட்டியை, இதைப் படிக்கும்போது கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்குமானால், உடனே உள்ளே எடுத்துச் சென்று பூட்டுங்கள். கடைக்குப் போய்வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்கக் காரில் ஏற்றவும் வேண்டாம். அதற்கான விதிவிலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. உங்கள் துப்பாக்கி பிளஸ் பியைத் தாங்கும் என்று கையேடு சொன்னால், அடுத்த சனிக்கிழமை பின்பெட்டியில் பூட்டி நேராகப் பயிற்சிக் களத்துக்குச் சென்று, நீங்கள் மட்டும், அந்தப் பெட்டியைச் சுட்டுத் தீர்த்துவிட்டு வாருங்கள்.